பாதி டப்பா பெல்லட்

எங்கள் வீட்டில் துப்பாக்கி என் மனைவியுடையது. இதைச் சொன்னால் திருப்பூர் காதர்பேட்டை பனியன் வியாபாரிகள் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு, "அப்ப ஊட்டுல நீங்க எதுத்தே பேசறதில்லீங்களா?" என்று கேட்பார்கள். துப்பாக்கி வருவதற்கு முன்பும் நான் பேசியதில்லை என்பதை அவர்களிடம் சொல்வதில்லை. அது காற்றுத் துப்பாக்கி. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் குறியில் ஓட்டை போடுவதைத் தவிர அதனால் யாருக்கும் கெடுதல் கிடையாது.

அது வந்த கதை சாதாரணமானது. கோடை விடுமுறையில் மகளை ரைபிள் கிளப்பில் சேர்த்தோம். சில நாளிலேயே மகளுக்குத் தோள் வலித்தது, வெயில் தலைக்கேறியது, தோழி நீச்சல் வகுப்புக்கு மாறிவிட்டாள். கட்டிய ஃபீஸ் வீணாகக் கூடாது என்று மீதி நாட்களுக்கு அம்மா போனாள். மகள் இப்போது கல்லூரி முடிக்கப் போகிறாள், அம்மா இன்னும் கிளப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

அவிநாசிப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. வெளியே தைத்து வரும் பனியன்களைச் செக்கிங் செய்து, அயர்ன் போட்டு, பெட்டியில் அடுக்கி அனுப்புவோம். செக்கிங் அவள் பொறுப்பு. ட்யூப் லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவுவாள். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் அவளிடமிருந்து தப்பியதில்லை. "கண்ணுக்கே தெரியல அம்மிணி, போகட்டும் உடு" என்று நான் கெஞ்சினால், "உங்க கண்ணுக்குத் தெரியலீன்னா ஓட்டை அடைஞ்சு போயிருமுங்களா?" என்று அதைச் செகண்ட்ஸ் பெட்டியில் எறிந்துவிடுவாள். எங்களுக்குள் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி அந்தப் பெட்டியைப் பற்றியவை. அதில் ஒன்றில்கூட நான் ஜெயித்ததில்லை.

போன வருடம் மாநிலப் போட்டியில், தேசிய அளவுக்குப் போகத் தேவையான மார்க்கை மயிரிழையில் தவறவிட்டாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து உப்புமா கிண்டினாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இத்தன வருசமா அடுத்தவங்க தெச்சதப் பாத்து ஓகே, ரிஜெக்ட்டுன்னு சொல்லியே பொழுது போயிருச்சுங்க. நான் பண்ணுன ஒண்ண ஒருத்தர் பாத்து ஓகேன்னு சொல்லோணும். ஒரே ஒரு தடவ." அதுவரை அவள் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. எனக்கு உப்புமா இறங்கவில்லை. அது உப்புமாவின் குற்றமாகவும் இருக்கலாம்.

இந்த வருடப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பெல்லட் தட்டுப்பாடு வந்தது. பெல்லட் என்பது காற்றுத் துப்பாக்கிக்கான ஈயக் குண்டு, அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது, அடியில் பாவாடை விரித்த மாதிரி இருக்கும். நல்லது வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். எங்கேயோ துறைமுகத்தில் சரக்கு நின்றுவிட்டது என்றார் கிளப் மாஸ்டர். கோயமுத்தூரில் இல்லை, சென்னையில் இல்லை. அவளிடம் பாதி டப்பா இருந்தது. பழகத் தொடங்கினால் போட்டிக்கு மிஞ்சாது, போட்டிக்கு வைத்தால் பழக முடியாது. அதனால் குண்டே போடாமல் வீட்டில் பழகினாள். இரண்டு கம்பளியைச் சேர்த்துத் தைத்தது போன்ற, சுடும்போது போடும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஹால் சுவரில் ஒரு கறுப்புப் பொட்டைக் குறிபார்த்தபடி சாயங்காலம் முழுக்க நிற்பாள். டீவி இருந்தது அதே சுவரில். நான் அந்த மாதம் செய்தி எதுவும் பார்க்கவில்லை.

"திருப்பூர்ல கிடைக்காத பொருள் உண்டா?" என்று சவால் விட்டுக் கிளம்பினேன். எங்கள் ஊர்க்காரனுக்கு இந்த வியாதி உண்டு. நூல் கிடைக்காத காலத்தில் நூல் கொண்டுவந்திருக்கிறேன், பட்டன் கிடைக்காத காலத்தில் பட்டன். லேபிள்காரரிடம் கேட்டேன், அவர் எலாஸ்டிக்காரரைக் கைகாட்டினார், எலாஸ்டிக்காரர் குன்னத்தூரில் தன் மச்சானைக் கைகாட்டினார். ஒவ்வொருவரும் "சாம்பிள் ஒண்ணு குடுங்க, அடிச்சே குடுத்தர்லாம்" என்றார்கள். கடைசியில் மச்சான் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது தேர்த் திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுகிறவரிடம். அவரிடம் ஒரு பை நிறைய இருந்தது. போர் ஜெயித்தவன் மாதிரி அதைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இது பலூனுக்குங்க."

"குண்டுதானே?"

"ரெண்டு லாட்டு சாயத்துணிய ஒரே பனியனுக்கு வெட்டுவீங்களா?"

கேட்ட கேள்விக்குத் திருப்பூரில் ஒரே பதில்தான். வெட்ட மாட்டோம்; கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாகிவிடும்.

ஆனால் அவள் பையைத் திருப்பித் தரவில்லை. பார்வைக்கு நல்ல டப்பாவில் இருப்பது போலத்தான் இருந்தது, ஒன்றுக்கொன்று எடைதான் மாறியது. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செக்கிங் மேசையில் வெள்ளைத் துணி விரித்து மொத்தத்தையும் கொட்டினாள். துணியின் எடை பார்க்கும் குட்டித் தராசு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. செக்கிங் பெண்கள் பனியனை ஓரமாக வைத்துவிட்டுப் பெல்லட்டின் பாவாடையில் நெளிசல் தேடினார்கள். ஃபர்ஸ்ட், செகண்ட்ஸ், ரிஜெக்ட் என்று மூன்று பெட்டி. "ஏனுங்க்கா, இதுக்கு எம்ப்ராய்டரி கிடையாதுங்களா?" என்று ஒருத்தி கேட்க, மேசையே குலுங்கிச் சிரித்தது. எனக்கு உள்ளுக்குள் அன்று கப்பல் ஏற வேண்டிய சரக்கைப் பற்றிய பயம். வெளியே சொல்லும் தைரியம் வரவில்லை.

ஃபர்ஸ்ட் என்று தேறியதை வைத்துப் பழகினாள். நல்ல டப்பாவைத் தொடவேயில்லை. மார்க் ஏறிக்கொண்டே போனது. மாஸ்டர் என்னிடமே வந்து, "இந்தத் தடவ போயிருவாங்க சார்" என்றார். நான் பலூன்காரருக்கு ஒரு டஜன் பனியன் கொடுத்தனுப்பினேன். செகண்ட்ஸ்தான்.

போட்டிக்குக் கிளம்பும் முந்தைய நாள் பேக்கிங் அண்ணனிடம் அந்த நல்ல டப்பாவைக் கொடுத்தாள். அவர் தேனிப் பக்கத்துக்காரர், யூனிட் தொடங்கிய நாளிலிருந்து எங்களிடம் இருப்பவர். அவர் கட்டிய பெட்டியைக் கப்பலிலிருந்து கீழே போட்டாலும் உள்ளே மடிப்புக் கலையாது. "நசுங்காம பேக் பண்ணிக் குடுங்கண்ணா, இதுலதான் எல்லாமே இருக்குது" என்றாள். பனியன் வேஸ்ட் துணி சுற்றி, அட்டை வைத்து, டேப் மேல் டேப் ஒட்டி அவர் கொண்டுவந்த பார்சலைப் பிரிக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. போட்டி இடத்தில் பிரித்துக்கொள்ளலாம் என்று அப்படியே எடுத்துப் போனோம்.

அங்கே பார்வையாளர் இருக்கையில் நான். முன்னால் அவள் முதுகு. தயாராவதற்கான நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தாள். திறந்தவள் அசையவில்லை. டப்பா விளிம்பு வரை நிறைந்திருந்தது எனக்கே தெரிந்தது.

என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். பாதி டப்பா பயணத்தில் குலுங்கும், குலுங்கினால் பாவாடை நெளியும். காலி இடம் விடாமல் நிரப்புவதுதான் பேக்கிங். செக்கிங் மேசையில் "ஃபர்ஸ்ட்" என்று அவளே எழுதி வைத்த பெட்டி பக்கத்திலேயே இருந்திருக்கிறது. ஃபர்ஸ்ட்டோடு ஃபர்ஸ்ட், அதாவது நல்ல குண்டோடு பலூன் குண்டைச் சேர்த்து மனுஷன் நன்றாகக் கலக்கியும் இருக்கிறார், அப்போதுதான் சமமாக உட்காரும்.

அவள் கைக்குட்டையை விரித்து டப்பாவைக் கவிழ்த்தாள். மற்றவர்கள் குறியைச் சரிபார்க்கச் சுட்டுக்கொண்டிருக்க, இவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தராசு இல்லை, ட்யூப் லைட் இல்லை, விரல்நுனி மட்டும். போட்டி தொடங்கும் மணி அடிக்கும்போது துப்பாக்கியைக் கையில் எடுத்திருந்தாள், அவ்வளவுதான்.

நன்றாகத்தான் சுட்டாள். திரையில் பத்து, பத்து என்று விழுந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரே ஒரு குண்டு ஓரமாகப் போய் எட்டில் உட்கார்ந்தது. அது அவள் கையா, பலூன் கடையா, யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒன்றில் மார்க் போய்விட்டது. போன வருடத்தைவிடப் பக்கத்தில், ஆனால் வெளியே.

திரும்பி வரும்போது காரில் எனக்குக் கோபம் தாங்கவில்லை. ஊர் வந்ததும் பேக்கிங் அண்ணனை என்னென்ன கேட்பது என்று பெருமாநல்லூர் வருவதற்குள் முழுக்கத் தயார் செய்துவிட்டேன். பெருந்துறையிலிருந்தே என் உதடு அசைவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்க."

"ஒரு வார்த்த கேக்கக்கூடவா வேண்டாம்?"

"வேண்டாங்க." ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "ஃபர்ஸ்ட்டுன்னு எழுதினது நானுங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதை நான் பார்த்தது அவளுக்குத் தெரியக் கூடாது என்று ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

யூனிட் வாசலில் அவர் காத்துக்கொண்டிருந்தார். சட்டையை மாற்றி, திருநீறு பூசி, ஏதோ மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்ப்பவர் போல. ஜெயித்தோமா என்று கேட்கவில்லை. அவருடைய கவலை வேறு.

"டப்பா எப்பிடிம்மா இருந்துச்சு? பாதியா இருந்தா உள்ள ஆடும்ல. அதேன் நெறைச்சு விட்டேன். ஒண்ணுகூட நெளியலையே?"

நான் வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

"ஒண்ணுகூட நெளியலீங்கண்ணா," என்றாள். "பேக்கிங் ஓகேங்க."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. இருபது வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த "ஓகே"யை அவர் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கேட்டிருப்பார். நான் கேட்டது அதைவிடக் குறைவு.

மறுநாள் காலையில் நான் வெளியே தைத்து வாங்கிவந்த சரக்கு ஒன்று செக்கிங்குக்குப் போனது. ஒரே ஒரு பனியனில், அக்குளுக்குக் கீழே, கண்ணுக்கே தெரியாத ஊசி ஓட்டை. மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் வாழ்நாளில் தெரிந்தே பாஸ் பண்ணிய டேமேஜ் அந்தப் பேக்கிங் ஒன்றுதான், அதை அவள் எனக்காகச் செலவழிக்கவில்லை.