கலியபெருமாளுக்குப் போட்ட எண்

போன வெள்ளிக்கிழமை கற்பூரம் தேடப் போய் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டுச் சாமி அறையில் ஒரு மர இழுப்பறை இருக்கிறது. சாமி அறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், சமையலறை மூலையில் திரை போட்ட அலமாரிதான். இழுப்பறை ஒரு முழ நீளம் இருக்கும், அகலம் ஒரு சாண்கூட வராது. முன்பக்கம் சின்னப் பித்தளைக் கைப்பிடி, அதற்கு மேலே பேர்ச்சீட்டு செருகுகிற சட்டம். விபூதிப் பொட்டலம், திரி, சாம்பிராணி எல்லாம் அதில்தான் கிடக்கும். ஒரு காலத்தில் அது நூலகத்தில் கார்டு அடுக்கி வைத்த பெட்டி. கம்ப்யூட்டர் வந்து கார்டுகளைக் கழித்துப் போட்டபோது, கெஞ்சிக் கேட்டு ஒன்றை வாங்கிவந்தேன்.

கற்பூரம் கிடைக்காத எரிச்சலில் என் சம்சாரம் இழுப்பறையை முழுசாக உருவிக் கவிழ்த்துவிட்டாள். அடியில் விரித்திருந்த தாளுக்குக் கீழேயிருந்து ஓர் அட்டை விழுந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“கலியபெருமாள்... சாமியிடம் நாற்பது கேள்வி... நாப்பத்தெட்டுப் பக்கம். உங்க எழுத்துதான இது? இந்தப் புக்கு எங்க இருக்கு?”

“லைப்ரரில இருக்கும்” என்றேன்.

சாமி படத்துக்கு நேராக நின்றுகொண்டு சொன்னேன். அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் சொன்ன பொய் இது எத்தனையாவது என்று எண்ணி வைக்கவில்லை.

நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். பஞ்சாலையில், நூல் நூற்கிற பகுதியில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். மில்லை மூடின பிறகு கொஞ்ச காலம் அலைந்து, எங்கள் பேட்டையில் இருந்த ஒரு சின்ன நூலகத்தில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். பெருக்குவது, பானையில் தண்ணீர் நிரப்புவது, பழைய பேப்பரைக் கட்டி வைப்பது. அங்கே எனக்குப் பிடிபடாத முதல் விஷயம் அந்த அமைதி. மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகின தொண்டை, மெதுவாகப் பேசத் தெரியாது. நூலகர் ஸ்டெல்லா மேடம் காரைக்கால்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். “அண்ணா, எனக்குக் காது நல்லாதான் கேக்குது” என்பார். படிக்க வந்தவர்கள் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

இருந்த ஒரு கிளார்க்கையும் மாற்றிவிட்டார்கள். புத்தகம் வந்து குவிகிறது. மேடம் ஒருநாள் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணா, எழுத்து குண்டு குண்டா நல்லா இருக்கே, கார்டு எழுதறீங்களா?” என்றார். அப்படித்தான் நான் அந்த வேலைக்கு வந்தேன். ஒரு புத்தகத்துக்கு மூன்று கார்டு. எழுதினவர் பேரில் ஒன்று, புத்தகத்தின் பேரில் ஒன்று, அது எதைப் பற்றிப் பேசுகிறதோ அதன் பேரில் ஒன்று. இடது மூலையில் எண். அதே எண்ணைச் சின்னச் சீட்டில் எழுதிப் புத்தகத்தின் முதுகில் ஒட்ட வேண்டும். மைதா மாவில், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசை. அந்த வாசம் கையை விட்டுப் போகாது, சோற்றில் கை வைத்தால் சோறும் மயில்துத்தமாக மணக்கும்.

எண் போடுவதுதான் கஷ்டம். மதத்துக்கு இருநூறு, சட்டத்துக்கு முந்நூற்று நாற்பது, இலக்கியத்துக்கு எண்ணூறு என்று மேடம் சொல்லச் சொல்ல, கழித்துப்போட்ட விண்ணப்பப் பாரத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். மில்லிலும் இப்படித்தான், இருபதாம் நம்பர் நூலுக்கு ஒரு கலர் கோன், நாற்பதாம் நம்பருக்கு ஒரு கலர். ஒரே ஒரு கோன் மாறிப்போய் விழுந்தால் நெய்த துணி நெடுகப் பட்டை தெரியும், மேஸ்திரி நம் பரம்பரையையே இழுப்பார். அதனால் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது என்று கர்வம்கூட இருந்தது.

கர்வம் இருந்த இடத்தில் பக்தியும் இருந்தது. இருநூற்றுத் தொண்ணூற்று நான்கில் வருகிற நம் சாமி புத்தகங்கள் அடுக்கின் கடைசித் தட்டில், தரையை ஒட்டி வந்து உட்கார்ந்தன. நான் பெருக்குகிற துடைப்பமே அவற்றின் மேல் படும். மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் எடுத்து உச்சித் தட்டில் வைத்து, ஒரு செம்பருத்தியும் வைத்தேன். நாலு நாள் கழித்து மேடம் கூப்பிட்டார்.

“முருகன் கதை கேட்டு ஒரு அம்மா தெனமும் நடக்கறாங்க. நீங்க அங்க ஏத்தி வச்சிருக்கீங்க. அவங்க என்ன எட்டடி ஒசரமா அண்ணா?”

“கால்மாட்டுல எப்படி மேடம் வைக்கிறது? உங்க பைபிள் மட்டும் இருநூத்தி இருபதுல முன்னாடி வந்து ஜம்முனு நிக்குது.”

எப்படித்தான் வாயில் வந்ததோ. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். “நானா போட்டேன்? அமெரிக்காக்காரன் போட்டது. அவன்கிட்ட போய்ச் சண்ட போடுங்க.” பிறகு ஒரு தகவலையும் சொன்னார். “சாமியே இல்லன்னு எழுதினாலும் அதுவும் இருநூறுலதான் வரும். இருநூத்திப் பதினொண்ணு.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்கிறவனுக்கு எதற்கு அங்கே இடம்? “அவரும் சாமியப் பத்திதான பேசறாரு?” என்றார் மேடம்.

இது நடந்து சில மாதம் கழித்துத்தான் கலியபெருமாள் வந்தான். மில்லில் எனக்குப் பக்கத்து மெஷின். நான் விபூதி பூசுவதால் எனக்கு அவன் வைத்த பேர் பட்டை. நூலகத்துக்குள் வந்தும் அப்படியே கூப்பிட்டான், மில்லில் கூப்பிட்ட அதே குரலில்.

“டேய் பட்டை! நீதான் இங்க நம்பர் போடறியாமே. நம்ம புக்குக்கும் ஒண்ணு போடு.”

சொந்தக் காசில் அச்சடித்த சின்னப் புத்தகம், நாற்பத்தெட்டுப் பக்கம் என்று அவனே சொன்னான். பச்சை அட்டை. பேரைப் பார்த்ததுமே முகம் சுருங்கியது எனக்கு.

“இத எங்கடா வைக்கிறது?”

“உங்க சாமி பக்கத்துலயே வையி. ரெண்டு பேரும் பேசிக்கட்டும்.” போகிறபோது திரும்பி, “மொத பக்கமாவது படி” என்றான்.

படித்தேன். முதல் கேள்வி இதுதான்: மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு போடாமல் விட்டதற்காக, மூன்று வயதுப் பிள்ளையை எடுத்துக்கொண்டாயாமே, நிஜமா?

அதைச் சொன்னவன் நான். அவன் பையன் காய்ச்சலில் போனபோது துக்கம் கேட்கப் போனேன். ஆறுதல் சொல்லத் தெரியாமல், “வேண்டுதல மறந்துட்டியேப்பா, அதான் சாமி குத்தம் ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டில் டீயும் குடித்துவிட்டு வந்தேன்.

என் சாமியைத் திட்டிவிட்டான் என்று எனக்கு நானே கோபத்தை ஏற்றிக்கொண்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. பதிவேட்டில் ஏற்றவில்லை, கார்டு எழுதவில்லை, முதுகில் சீட்டு ஒட்டவில்லை. கிழித்துப் போடலாம் என்றால் கை வரவில்லை, தாளில் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள் நான். கடைசி அடுக்கில் பிரெஞ்சுக்காரர் காலத்துச் சட்டப் புத்தகங்கள் தோல் அட்டையோடு வரிசையாக நிற்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா ஒருத்தர் மட்டும் எப்போதாவது வந்து தடவிப் பார்ப்பார். அவரும் காலமாகிவிட்டார். அந்த வரிசைக்குப் பின்னால் செருகினேன். அடுத்த வருஷம் கலியபெருமாள் நெஞ்சுவலியில் போனான். அப்போதும் எடுத்து வெளியே வைக்கவில்லை.

அதற்குப் பிறகும் சில வருஷம் ஓடியது. ஒரு மார்கழியில், நான் மலைக்கு மாலை போட்டிருந்த சமயம், ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

“சாமி, நான் கலியபெருமாள் பொண்ணு. என்னைக் கனகசெட்டிக்கொளத்துல கட்டிக் குடுத்திருக்கு. அப்பா எழுதின புக்கு இங்க இருக்கா சாமி? பட்டைகிட்ட குடுத்திருக்கேன், பத்திரமா வச்சிருப்பான்னு சொல்வாரு. பட்டைன்னா யாருன்னு தெரியல.”

நெற்றி நிறையப் பட்டையோடு அவள் எதிரே நின்றேன்.

அவர்கள் வீட்டில் இருந்த பிரதியெல்லாம் புயலில் கூரையோடு போய்விட்டதாம். அம்மா பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாளாம். “கடைசிப் பக்கத்துல எங்க தம்பி பேரு போட்டிருக்கும் சாமி. செத்துப் போச்சே, அந்தத் தம்பி. அதுக்கு போட்டோ இல்ல, ஒண்ணும் இல்ல. பேரு எழுதியிருக்கறது அந்த ஒரு எடந்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கையில வச்சுப் பாக்கணும்ங்குது.”

எழுந்து பத்தடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. சாமி இல்லை என்கிற புத்தகத்தை மாலையோடு தொட்டால் விரதம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். இப்படி எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். வேறொரு பயமும் அதன் அடியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால், அது ஏன் அங்கே இருந்தது என்று மேடம் கேட்பார்.

“தேடணும்மா. பொங்கல் கழிச்சு வா” என்றேன்.

மலைக்குப் போனேன். பதினெட்டாம் படியில் ஏறும்போதுகூட, திரும்பினதும் முதல் வேலை அதுதான் என்று சொல்லிக்கொண்டேன். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வந்தால் கடைசி அடுக்கு காலியாக இருக்கிறது. சுவரில் புதுச் சுண்ணாம்பு.

“கரையான் அண்ணா” என்றார் ஸ்டெல்லா மேடம். “நல்லா இருந்த வால்யூம மட்டும் மேலிடத்துக்கு அனுப்பிட்டோம். மத்ததெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டாச்சு. பதிவேட்ட வச்சு ஒண்ணொண்ணா சரிபாத்துதான் போட்டேன்.”

பதிவேட்டில் இருந்த எல்லாவற்றையும் சரிபார்த்திருந்தார். பதிவேட்டில் இல்லாததை அவர் எப்படித் தேடுவார்? அன்றைக்குச் சாயங்காலமே மூன்று பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். மலை ஏறின காலில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. மூன்றாவது கடைக்காரர், “பொங்கலுக்கு முன்னாடியே லோடு போயிடுச்சே. எதுனா முக்கியமான பேப்பரா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் சொன்னபடி வந்தாள். மேடம் சாப்பிடப் போயிருந்தார்.

“எல்லா எடமும் தேடிட்டேம்மா. கெடைக்கல.”

அவள் முகம் விழுந்தது. பிறகு அவளே சரிசெய்துகொண்டாள். “பரவால்ல சாமி. எங்களுக்காக இவ்ளோ தேடினீங்களே. அம்மாகிட்ட லைப்ரரில பத்திரமா இருக்குன்னே சொல்லிடறேன். அது சந்தோஷமா இருக்கும்.” பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

திட்டியிருந்தால் இன்றைக்கு உங்களிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன் என்றுகூடத் தோன்றுகிறது. அந்தப் பழத்தை என்னால் சாப்பிடவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. மேஜையிலேயே கறுத்துப்போனது.

மறுநாள் ஒரு புது அட்டை எடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிதானமாக ஒரு கார்டு எழுதினதில்லை. இடது மூலையில் இருநூற்றுப் பதினொன்று. கலியபெருமாள். சாமியிடம் நாற்பது கேள்வி. நாற்பத்தெட்டுப் பக்கம். பையன் பேரையும் எங்காவது எழுதலாம் என்று பேனாவை வைத்தபோதுதான் உறைத்தது, எனக்கு அது தெரியாது. துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட நான் பிள்ளையின் பேரைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

கார்டைப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்து, கார்டுகளைக் கோக்கிற கம்பியைச் செருகினேன். ஆஸ்பத்திரியில் அவள் சொல்லப்போகிற பொய்யில் ஒரு ஓரமாவது நிஜமாக இருக்கட்டும் என்று நினைத்தேன் போல. மேடத்திடம் சொல்ல நாலைந்து தடவை வாயெடுத்தேன், முடியவில்லை. அவர் மாற்றலாகிப் போனார். அந்தப் பெண் திரும்ப வரவேயில்லை.

இப்போது அந்த நூலகக் கட்டிடம் இல்லை, அங்கே செல்போன் கடை இருக்கிறது. புத்தகங்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டன. அந்த ஒரு கார்டை மட்டும் உருவி, வாங்கிவந்த இழுப்பறையின் தாளுக்கு அடியில் ஒளித்தேன்; மற்ற கார்டுகள் போய்விட்டன, மயில்துத்தப் பசையும் போய்விட்டது. புது இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற பெண்ணிடம் ஒருநாள் கலியபெருமாள் பேரைச் சொல்லித் தட்டிப் பார்க்கச் சொன்னேன். “அப்படி ஒண்ணும் வரலியே, தாத்தா. ஸ்பெல்லிங் சரியா?” என்றாள். சரிதான் என்றேன்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் என் சம்சாரத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். “அந்தக் கொழந்த பேரு என்னங்க?” என்று மட்டும் கேட்டாள்.

தெரியாது என்றேன். அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதிலில் நிஜம் அது ஒன்றுதான்.

அவள் எழுந்து அட்டையைத் துடைத்தாள். தாளுக்கு அடியில் வைக்கவில்லை. விளக்குக்குப் பக்கத்தில், சாமி படத்தில் சாய்த்து வைத்தாள். கலியபெருமாள் கேட்ட இடம் அதுதான். அட்டை மட்டும் நிற்கிறது, பேசுவதற்குப் புத்தகம் இல்லை.