இடுகாட்டில் அடித்த மருந்து

காய்ந்த கொடியைக் கிழித்து இழுத்தபோது உள்ளே குரோட்டன்ஸ் செடிகள் நின்றன. இலைகள் கருகியிருந்தன, ஆனால் உதிரவில்லை. ஒரு கிளையை ஒடித்துப் பார்த்தேன். நடுவில் ஈரம் இருந்தது. நான் மருந்து அடிக்கும்வரை அவை உயிரோடுதான் இருந்திருக்கின்றன.

மலேசியாவில், சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கண்டக்டராக வெளிக்காட்டு வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். களை மருந்தின் அளவு கேட்டு இளைஞர்கள் இன்னமும் என் ஈப்போ வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வேலியோரம்

ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டபோது, லாலான் புல்லை அடக்க முக்குனா என்ற கொடியை இறக்கினோம். மண்ணை மூடி, மற்ற களைகளை அமுக்கிவிடும். தோட்டத்து இடுகாட்டு வேலியோரத்திலும் அதை நடச் சொன்னேன். அங்கே புல் வெட்ட ஆள் அனுப்பும் வேலை மிச்சமாகும் என்பது என் எண்ணம்.

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி தயங்கினார். “ஐயா, இது வேலியோட நிக்கிற சாமான் இல்ல. வுட்டா மொத்தத்தையும் முழுங்கிரும்லா.”

“செத்தவங்களுக்கு என்னய்யா கஷ்டம்? போர்வை மாதிரி இருந்துட்டுப் போவட்டும்,” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பிறகு தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். சனங்கள் ஈப்போ, பத்து காஜா பட்டணங்களுக்குக் குடிபோனார்கள். கொடியை வெட்ட யாருமில்லை. அது வேலியைத் தாண்டி இடுகாடு முழுவதையும் மூடிக்கொண்டது.

மருந்து

எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய பாக்கியம் இப்போது ஈப்போவில் ஒரு கடைத்தொகுதியில் துப்புரவு வேலை செய்கிறாள். மகள் கல்யாணத்துக்கு முன் அந்த இடுகாட்டில் புதைத்த கணவனின் தலைமாட்டில் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்ல வேண்டும் என்று என்னைத் தேடி வந்தாள். ஆள் வைத்துப் பாராங் கத்தியால் வெட்ட நாளாகும், மருந்தடித்தால் முகூர்த்தத்துக்குள் காய்ந்துவிடும் என்று சொன்னது நான்தான்.

எங்கள் இடுகாட்டில் சிமெண்டுக் கல்லறை கட்ட யாருக்கும் வசதியில்லை. தலைமாட்டில் ஒரு குரோட்டன்ஸ் கிளையை நடுவார்கள். குடும்பத்துக்கு ஒரு வகை இலை. பாக்கியம் குடும்பத்துச் செடி மஞ்சள் புள்ளி போட்ட குறுகிய இலை.

“உள்ளாற எங்க செடி இருக்குமுங்களாய்யா?” என்று கேட்டாள்.

“இத்தனை வருசம் இந்தக் கொடிக்கு அடியில எதும்மா பொழைக்கும்?”

அவள் நம்பினாள். நான் படித்தவன், கண்டக்டர். கையால் ஓரிடத்தைக்கூட விலக்கிப் பார்க்கவில்லை. அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் மருந்தைக் கலந்து, பம்பின் குழாயைத் தழைக்குள் நுழைத்து, அடிவரை நனைய அடித்தேன். வேலையைச் சுத்தமாகச் செய்தேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

கொடியை இழுத்த அன்று அவளும் வந்திருந்தாள். செடி செடியாகக் குனிந்து, இலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மஞ்சள், சிவப்பு, பச்சை எல்லாம் ஒரே காப்பி நிறமாகிச் சுருண்டிருந்தன. தொட்டால் நொறுங்கின. மண் மேடுகளோ மழையில் எப்போதோ கரைந்து போயிருந்தன; எது அவள் கணவனின் இடம் என்று காட்ட ஒன்றும் மிச்சமில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“கொடி மேல எனக்குக் கோவமில்லீங்கய்யா,” என்றாள். “மூடித்தான் வச்சிருந்துச்சு. அதுக்குள்ள அவரு இருந்தாரு.”

வெற்றிலைத் தட்டை இடுகாட்டு வாசலில், யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டுப் பேருந்து ஏறினாள். கல்யாணத்துக்கு என்னையும் அழைத்தாள். நான் போகவில்லை.

அளவு கேட்டு வருபவர்களிடம் இப்போது ஒன்றுதான் சொல்கிறேன்: முதலில் கையால் விலக்கி, கீழே என்ன உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். தலையாட்டிவிட்டு மறுபடி அளவைத்தான் கேட்கிறார்கள்.

மழைக்குப் பிறகு ஒருமுறை அங்கே போனேன். முக்குனா வேரிலிருந்து துளிர்த்து வாசல்வரை வந்திருந்தது. குரோட்டன்ஸ் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை.