சிவப்புக் கட்டோடை ஆடின ஆட்டம்

நீங்கள் நம்பமாட்டியள் எண்டு தெரியும், நானே இதெல்லாம் நம்பாத ஆள்தான். பேய், பில்லி, சூனியம் எண்டு ஆரும் கதைச்சால் சிரிச்சுப்போட்டு விட்டிடுவன். பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிச்ச எனக்கு அதெல்லாம் சரிவராது. ஆனா கண்டிக்குப் பக்கத்திலை அம்பிட்டியவிலை வாடகைக்கு இருக்கேக்கை நடந்த இதுக்கு மட்டும் எனக்கு விடை இல்லை.

நாட்டிலை சண்டை நடந்த நேரம். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள், இவருக்கு, என்ரை மனிசனுக்கு, கண்டி டவுணிலை கந்தோர் வேலை. கொழும்பிலை குண்டு வெடிச்சால் இஞ்சை எங்கடை அடையாள அட்டையைத்தான் ஆமிக்காரர் திருப்பித் திருப்பிப் பாப்பாங்கள். பொழுதுபட்டால் வெளியிலை போறேல்லை, அலுத்துப்போன சீவியம். அப்பதான் லண்டனிலை இருந்து இவரின்ரை தம்பி அந்தக் காட்ஸ் பெட்டியை அனுப்பினவன். எங்கடை ஆக்களுக்குக் காட்ஸ் எண்டால் முந்நூற்றி நாலு எண்ட விளையாட்டுத்தான், அதுக்கு நாலு பேர் வேணும். இது ரெண்டு பேர் ஆடுறது. சிவப்புக் கட்டு ஒண்டு, நீலக் கட்டு ஒண்டு. ஒவ்வொண்டிலையும் ஒரு ராணி, பறக்கிற நாகம், மந்திரக்காரர், ஈட்டி பிடிச்ச சின்னச் சின்ன ஆக்கள். கட்டிலை ஒரு காட் கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. மற்றவரின்ரை ராணியை விழுத்தினால் வெற்றி. இவர் எப்பவும் சிவப்பு, நான் நீலம். ஆடி ஆடி எல்லாக் காட்டும் ரெண்டு பேருக்கும் பாடம். இவர் எடுத்த எடுப்பிலை நாகத்தை இறக்கிப்போட்டுத் தோப்பார், அதுதான் அவரின்ரை விளையாட்டு.

ஒருநாள் விடிய ஆமியின்ரை சுத்திவளைப்பிலை இவரைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டாங்கள், விடேல்லை. அரசாங்கக் கச்சேரி, பொலிஸ், கோயில் எண்டு அலைஞ்சு எனக்குக் கால் ஓஞ்சு போச்சு. பிறகொருநாள் மத்தியானம், சாப்பிடவும் மனமில்லை, கோயிலிலை பூக்கட்டிப் பாக்கிறமாதிரி அந்தக் காட்ஸை எடுத்தன். நீலம் வெண்டால் மனிசன் வீட்டை வருவார், அவ்வளவுதான் நினைச்சது. இவரின்ரை கதிரைக்கு முன்னாலை சிவப்புக் காட்ஸைக் குப்புற வைச்சு, அவரின்ரை முறை வரேக்கை பாக்காமல் ஒண்டை உருவிப் போட்டன்.

சொன்னால் சிரிப்பியள், பாக்காமல் உருவினதெல்லாம் பொருந்திப் பொருந்தி வந்துது. நான் அடிக்க அடிக்க, அந்த அடியைத் தாங்கிற காட்டே வரும். அதுவும் இவரின்ரை விளையாட்டு இல்லை. சின்ன ஆக்களை ஒவ்வொருத்தரா முன்னுக்கு விட்டு ராணியைக் காப்பாத்திற விளையாட்டு. அடைச்சு வைச்ச இடத்திலை மனிசன் மாறிப்போனாரோ எண்டு எனக்கு அழுகை வந்துது.

"இஞ்சேருங்கோ, ஒருக்கால் விட்டுத் தாங்கோ. நீங்கள் தோத்தால்தான் வீட்டை வரலாம்," எண்டு வெறும் கதிரைக்குச் சொன்னன்.

அடுத்து உருவினது ஒண்டுக்கும் உதவாத காட். அதுக்குப் பிறகு எதுவும் பொருந்தேல்லை. சிவப்பு ராணி தனிய நிண்டாள், நான் அடிச்சு விழுத்தினன். சந்தோசத்திலை கை தட்டினனான்.

அடுத்தநாள் இவர் வந்திட்டார், பாதி ஆளா. குளிச்சு, ரெண்டு வாய் சோறு சாப்பிட்டுப்போட்டுத் தானாக் கதைச்சார். உள்ளுக்கை இவருக்குப் பக்கத்திலை வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருத்தராம், ரெண்டு பிள்ளையளின்ரை தகப்பன். பொழுது போகாமல் அவருக்கு எங்கடை விளையாட்டைப் பழக்கினவராம். காட்ஸ் இல்லை, வாயாலைதான். இவர் நீலம் எடுத்து, அவருக்குச் சிவப்பைக் குடுத்தவராம். நாகத்தை இறக்கச் சொன்னால் அந்தாள் கேக்கமாட்டாராம்.

"நம்மள மாதிரி சின்ன ஆளுங்கதானேங்க எப்பவும் முன்னுக்குப் போறது, அவங்களே போகட்டும்," எண்டு சிரிப்பாராம்.

நான் காட்ஸ் பெட்டி இருந்த பக்கம் பாத்தன். பிறகு இவர் சொன்னார்.

"நேற்று மத்தியானமும் ஆடிக்கொண்டுதான் இருந்தம். நடுவிலை அந்தாளின்ரை பேரைக் கூப்பிட்டாங்கள். எழும்பிப் போன மனிசன் திரும்பி வரேல்லை, தெரியுமே உமக்கு?"

பிறகு இவர் வத்தேகமவுக்குப் போய் விசாரிச்சவர். அந்தாளின்ரை மனிசிக்கும் ஒரு தகவலும் இல்லை. வருசக்கணக்காப் போச்சு, சண்டையும் முடிஞ்சுது, ஆள் வரேல்லை. இப்பவும் தேத்தண்ணி குடிக்கேக்கை சில நேரம் இவர் சொல்லுவார், அந்த ஆட்டம் பாதியிலை நிக்குது, முடிச்சிருந்தால் ஆர் வெண்டிருப்பமோ தெரியாது எண்டு. நான் வேறை கதைக்கு மாத்திப்போடுவன். அதை அண்டைக்கு மத்தியானமே நான் ஆடி முடிச்சிட்டன் எண்டு இண்டைக்கு வரைக்கும் அவருக்குச் சொல்லேல்லை.