நரிப்பாறையின் பதினொரு மாடுகள்

சௌந்தரம் டீச்சர் மன்னிப்புக் கடிதம் எழுதியது 1965 ஜூலையில், ஒரு திங்கட்கிழமை காலையில். நாலு வாத்தியார்களும் ஒரு இன்ஸ்பெக்டரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘தலைமையாசிரியர் ராஜகுரு அவர்களுடைய பாடக்குறிப்புகளை என்னுடையவை என்று சொன்னது தவறு’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினாள். கையெழுத்துப் போடப்போகும்போது பேனாவில் மை தீர்ந்துபோனது. ராஜகுரு தன் பேனாவின் மூடியைக் கழற்றி, சிரித்த முகமாக நீட்டினார். அதைக் கையில் வாங்கிய நிமிசத்தில்தான் அவள் முடிவு செய்தாள், இந்த மனுசனைச் சும்மா விடுவதில்லை என்று.

அந்தக் குறிப்புகள் அவளுடையவைதான். அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்த வீட்டுப் பெண் அவள். ட்ரெயினிங் முடித்து, திருச்சுழிக்கு மேற்கே ஒரு கரிசல் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு வந்தாள். தினமும் பஸ்ஸில் வந்துபோவாள். மதுரையில் பழைய புத்தகம் விற்கிற இடத்தில் ஒருநாள் அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. உலகத்தின் பழைய ஓவியங்களைப் பற்றியது. டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வருசம் அதைப் படித்தாள். படிக்கப் படிக்க, இதையெல்லாம் தன் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

கலர் பென்சில் வாங்க அந்த ஊரில் யாருக்கும் வழி கிடையாது. ஆதி மனுசனுக்கும் கிடையாதே என்று சொல்லி, அடுப்புக்கரியையும் காவிக்கட்டியையும் சுண்ணாம்பையும் கொண்டுவரச் சொன்னாள். வேப்பங்குச்சியின் நுனியை மென்று பிரஷ் ஆக்கினார்கள். சிமெண்டுச் சாக்கின் உள்தாளைக் கசக்கி விரித்தால் பாறை மாதிரியே இருந்தது. காவி உதிராமல் ஒட்டுவதற்குக் கருவேலம் பிசினை ஊறவைத்துக் கலக்கவேண்டும் என்பதைப் பிள்ளைகளே நாலு தடவை வரைந்து கெடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். எகிப்துப் பாடத்தில் முகம் பக்கவாட்டில், கண் மட்டும் நேராக. யார் பெரியவரோ அவரைப் பெரிசாகப் போடவேண்டும் என்றதும், தங்கத்தாய் என்கிற பிள்ளை தன் அம்மாவைத் தாள் முழுக்க வரைந்து, நிலக்காரரைக் காலடியில் கோழி அளவுக்கு வைத்தாள். உடைந்த வளையல் துண்டுகளைக் களிமண்ணில் பதித்து மீனும் மயிலும் செய்தார்கள். சித்தன்னவாசல் தாமரைக் குளத்தை ஆளுக்கொரு பூவாக வரைந்து, சுவர் முழுக்க ஒட்டினார்கள்.

எல்லாப் பாடத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். ‘பாத்துட்டுத் தாரேன்’ என்று ராஜகுரு வாங்கிக்கொண்டுபோனார். நோட்டு திரும்பி வரவில்லை. அந்த ஜூன் மாதம் அது அச்சுப் புத்தகமாக வந்தது, ராஜகுரு பெயரில். கல்விக் கண்காட்சியில் அவருக்குச் சால்வையும் போட்டார்கள்.

அவள் நேரிலேயே கேட்டாள். “ஸ்கூலுன்னா ஹெட்மாஸ்டர்தானே டீச்சர். ஒங்க பேரு போட்டா என்ன, எம் பேரு போட்டா என்ன” என்றார். இன்ஸ்பெக்டரிடம் போனாள். நோட்டு எங்கே என்று அவர் கேட்டார். அவளிடம் இல்லை. அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை.

அதற்குப் பிறகு அவள் அவரோடு சண்டை போடவில்லை. காலையில் வணக்கம் சொன்னாள், சொன்ன வேலையைச் செய்தாள். ‘டீச்சருக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு’ என்று அவர் மற்றவர்களிடம் சொன்னது காதில் விழுந்தபோதும் தலையைக் குனிந்துகொண்டாள். புதிதாக ஒரு நோட்டுப் போட்டுப் புதுப் பாடங்களை எழுதினாள். மேஜை இழுப்பறையில் பூட்டாமலே வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அது இடம் மாறுவதையும், மறுநாள் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவசரப்படவில்லை. நாலரை வருசம் போனது.

1970இல் புத்தகத்தை விரிவாக்கி இரண்டாம் பதிப்புப் போடப்போவதாகப் பேச்சு வந்தது. அப்போதுதான் சௌந்தரம் அந்தப் பக்கத்தை எழுதினாள். ஊருக்குத் தெற்கே முள்ளுக்காட்டுக்குள் நரிப்பாறை என்று ஒரு பாறை உண்டு. அதன் அடியில் ஆடு ஒதுங்குகிற அளவுக்கு ஒரு பொந்து. ‘நரிப்பாறைக் குகையில் ஆதி மனிதர் காவியால் தீட்டிய பதினொரு மாடுகள் உள்ளன. ஒன்றுக்கு மட்டும் ஐந்து கால்’ என்று எழுதி, அதை வைத்துப் பிள்ளைகளுக்கு என்ன செய்யச் சொல்லலாம் என்றும் விளக்கமாக எழுதினாள். வகுப்பில் அதை நடத்தவே இல்லை. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

புத்தகம் வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினாள். மாடுகள் அப்படியே இருந்தன. கீழே ராஜகுரு தானாக ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘இவற்றை நான் நேரில் கண்டு அளந்தேன்.’ இவ்வளவு அவளே எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

மறு வருசம் பிப்ரவரியில் கல்வி அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. பழைய ஓவியம் தெரிந்த மதுரைப் பேராசிரியர் ஒருவரோடு அடுத்த புதன்கிழமை வருகிறோம், புத்தகத்தில் உள்ள குகையைக் காட்டவும், பிள்ளைகளையும் கூட்டிவரவும்.

ராஜகுரு அந்தப் பாறைப் பக்கமே போனதில்லை. இரண்டு நாள் சௌந்தரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் கேட்டுவிட்டார்.

“டீச்சர், இந்த நரிப்பாறைப் பக்கம் நீங்க எப்பமாச்சும் போயிருக்கீகளா?”

“எனக்கு எதுக்கு சார் அந்த முள்ளுக்காடு? நீங்கதான் போயி அளந்து பாத்திருக்கீகளே.”

அவர் அதற்கு மேல் கேட்க முடியாது. கேட்டால் நோட்டைத் தொட்டதை ஒத்துக்கொண்டதாகும்.

திங்கட்கிழமை அலமாரியில் காவிப் பொட்டலம் ஒன்று குறைந்திருந்தது. ராஜகுருவின் நகக்கண்ணெல்லாம் சிவப்பு. உள்ளங்கையில் முள் கீறல். சௌந்தரம் அதைப் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டை அவரிடம் நீட்டினாள்.

புதன்கிழமை ஜீப் வந்தது. பாறைக்கு அடியில் மாடுகள் இருந்தன, பதினொன்று. ஒன்றுக்கு ஐந்து கால். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

ஐந்தாம் வகுப்பு ஒச்சம்மாள் முன்னால் போய் ஒரு மாட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இதுல பிசின் சேக்கல. கையில ஒட்டுது” என்றாள்.

சௌந்தரம் தூக்குவாளித் தண்ணீரில் முந்தானையை நனைத்தாள். ஐந்து கால் மாட்டை ஒரே இழுப்பாகத் துடைத்தாள். பாறை வெறும் பாறையானது. சேலை சிவந்தது.

“என்ன ராஜகுரு இது?” என்றார் அதிகாரி.

ராஜகுரு சௌந்தரத்தின் பக்கம் கையைக் காட்டினார். “சார், இது இவுக செஞ்ச வேலை. இவுக நோட்டுல அப்படித்தான் எழுதியிருந்துச்சு. அத நம்பித்தான் நான்...”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. சௌந்தரம் ஐந்தரை வருசமாகக் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

“நோட்டுன்னா, இது ஒண்ணு மட்டுமா? முதல் புத்தகமுமா?” என்று அதிகாரி கேட்டார். ராஜகுரு தரையைப் பார்த்தார். பிள்ளைகள் முப்பது பேரும் அவரைப் பார்த்தார்கள்.

ராஜகுருவைப் பதவி இறக்கி வேறு ஊருக்கு அனுப்பினார்கள். புத்தகத்தைப் பள்ளிக்கூடங்களிலிருந்து திருப்பி வாங்கினார்கள். பாடக்குறிப்பில் பொய் எழுதியதற்காகச் சௌந்தரத்துக்கும் மெமோ வந்தது, பாலவனத்தம் பக்கம் மாற்றலும் வந்தது. மறுபேச்சில்லாமல் போனாள். போன இடத்திலும் கரியையும் காவியையும் கொண்டுவரச் சொன்னாள்.

1975இல் ரிட்டயர் ஆவதற்கு ஒரு மாதம் முன்னால் ராஜகுரு அவளைத் தேடிப் பாலவனத்தம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஆள் பாதியாக மெலிந்திருந்தார். சௌந்தரம் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

“நான் செஞ்சது தப்புதான் டீச்சர். ஊர்ல பிள்ளைக கூட என்னய ‘மாட்டு வாத்தியார்’னு கூப்பிடுதுக. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல, மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்கு அது போதும்.”

பொய்யாகச் சொல்லி அனுப்பிவிடலாம்தான்.

“மறக்கல சார்” என்றாள். “மூணரைக்கு ஒங்களுக்கு பஸ்ஸு இருக்கு.”

அவர் போன பிறகு, அங்கே கூட வேலை பார்த்த கோகிலாம்பாள் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள். “பாவமா இல்லையாக்கா ஒனக்கு?”

“இருந்துச்சு. அதனாலதான் தண்ணி குடுத்தேன்” என்று சொல்லிவிட்டு சௌந்தரம் மூன்றாம் வகுப்புக்குள் போனாள். பிள்ளைகள் வளையல் துண்டுகளைக் கலர் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை மட்டும் போதாமல் இருந்தது.