பன்னிரண்டு பேர் உட்கார்ந்தபோது

காத்தமுத்துவுக்கு வாயைவிடக் கை முந்தும். கருக்களாச்சேரியில் அதை அறியாதவர்கள் கிடையாது. இருபத்து மூன்று வயதில், நடுக்கடலில், வலைத் தகராறில் துடுப்பால் ஒருவன் மண்டையைப் பிளந்துவிட்டு ஒரு வருஷம் உள்ளே இருந்தான். வெளியே வந்தவனை எந்தப் படகிலும் ஏற்றவில்லை. கம்ப்யூட்டர் படித்து, காரைக்காலில் கமாலுதீனின் கல்யாண ஆல்பம் லேபில் சேர்ந்தான். அங்கேயும் ஒருவன் மூக்கை உடைத்தான். அப்போதுதான் மனைவி அல்லி தீர்த்துச் சொன்னாள்: இன்னொரு தடவை கை நீண்டால் மகளைக் கூட்டிக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுத் தாய்வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன். அல்லி சொன்னால் சொன்னதுதான். நாலு வருஷம் அவன் யார் மேலும் கை வைக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அது சின்ன விஷயமில்லை.

லேபில் பன்னிரண்டு பேர் படம் திருத்துவார்கள். எல்லாப் படமும் சர்வர் என்கிற ஒரே பொதுக் கம்ப்யூட்டரில் இருக்கும். பழைய சர்வர் பீரோ மாதிரி. உள்ளே ஆறு டிஸ்க், ரைஸ்மில் சத்தம். 2006-இல் கம்ப்யூட்டர் கடை சிவராமன் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். பெயர்தான் சர்வர், பார்த்தால் மேஜைக் கம்ப்யூட்டர், ஒற்றை டிஸ்க். எது வேகமென்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைக் கமாலுதீன் காத்தமுத்துவிடம் விட்டார்.

கரையில் புது எஞ்சினை எப்படிப் பார்ப்பார்கள்? வெறும் படகில் மாட்டி, ஒற்றையாக ஓட்டி, கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவனும் அப்படியே செய்தான். ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரே கல்யாணத்துப் படங்களை இரண்டிலிருந்தும் இழுத்தான். பழையதுக்கு நாலு நிமிஷம். புதுசுக்கு மூன்று கூட ஆகவில்லை.

“பன்னெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சுப் பாத்துட்டு எழுதுங்கண்ணே,” என்றான் சிவராமன்.

விற்க வந்தவனே சொல்கிறான், கேட்க வேண்டியதுதானே? எனக்கே பாடமா என்று சிரித்தான் காத்தமுத்து. புதுசின் டிஸ்க்கில் தன் கையெழுத்திட்ட ஸ்டிக்கரை ஒட்டி, இதுதான் வேகம் என்று எழுதிக் கொடுத்தான். பழையது ஸ்டோர் ரூமுக்குப் போனது. அது ஆடி மாசம், கல்யாணம் இல்லை, இரண்டு மூன்று பேர்தான் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள்.

ஆவணி முகூர்த்தத்தில் குட்டு உடைந்தது. பன்னிரண்டு பேரும் உட்கார்ந்ததும் புது சர்வர் படுத்துவிட்டது. ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். ஆல்பம் தாமதமான ஒரு பெண்ணின் அண்ணன்மார் மூன்று பேர் லேபுக்குள் புகுந்தார்கள். படம் திருத்தும் கலைவாணனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கித் தடுப்பின் மேல் வீசினார்கள். கண்ணாடித் தடுப்பு நொறுங்கியது. பறந்து வந்த ஸ்டூல் காத்தமுத்துவின் நெற்றியைக் கிழித்தது. இரத்தம் கண்ணை மறைக்க, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அல்லிக்காகப் பொறுத்தான்.

அவர்கள் போனபின் பொறுத்த கோபம் போக இடம் தேடியது. அன்று பறந்தது இன்று எப்படிப் படுக்கும்? சிவராமன் டிஸ்க்கை மாற்றிவிட்டான், வேறென்ன? பட்டப்பகலில் அவன் கடைக்குப் போனான். எதையும் கேட்கவில்லை. சிவராமனைக் காலரைப் பிடித்துக் கவுண்டர்மேல் இழுத்துப்போட்டு, கீபோர்டால் முகத்தில் அறைந்தான். எழுத்துக் கட்டைகள் சிதறின. கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் குத்தினான். சிவராமன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். சொல்ல வந்த வாயிலேயே குத்தினான். தாடை முறிந்தது பக்கத்துக் கடைக்குக் கேட்டது. நாலு பேர் சேர்ந்துதான் அவனைப் பிரித்தார்கள்.

திருட்டை நிரூபிக்க லேபுக்கு வந்து சர்வரைத் திறந்தான். அவன் ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது. அதே டிஸ்க். படம் திருத்துபவர்களில் மூத்தவளான வினோதினி ஸ்டோர் ரூமிலிருந்து பழைய சர்வரைக் கொண்டுவந்து மாட்டி, எல்லோரையும் உட்காரச் சொன்னாள். பன்னிரண்டு திரையிலும் படம் வந்தது. ஆறு டிஸ்க் பங்குபோட்ட வேலையை, புதுசில் ஒற்றை டிஸ்க் தனியாகச் சுமந்திருக்கிறது. வெட்கம் காத்தமுத்துவைப் பிடுங்கித் தின்றது.

யார் கேட்டாலும் சிவராமன் டிஸ்க்கை மாற்றிவிட்டான் என்றே சொல்லிவிடு, மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கமாலுதீன். அதற்குள் சேதி கேட்டு அல்லி வந்து நின்றாள்.

“அந்த ஆளு ஒங்கள ஏமாத்துனானா?”

ஒரு பொய் சொன்னால் அவள் இருக்கக்கூடும். அவனுக்கு அது தெரியும்.

“இல்ல. எப்படிப் பாக்கணும்னு அவன் அன்னிக்கே சொன்னான். நான்தான் கேக்கல.”

அல்லி அவன் நெற்றி இரத்தத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய் மகளை அழைத்துக்கொண்டு, அப்படியே கிளிஞ்சல்மேட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் போலீஸ் வந்தது. வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஏட்டு கேட்டார். வீட்டில் யாரும் இல்லை என்றான் காத்தமுத்து.