பிரேக் டிரம்மும் மாமாவின் கடைசி அடியும்

மாமா அந்தக் கதையை ஆரம்பித்தால் அப்பா எழுந்து தறிப் பக்கம் போய்விடுவார். பிரேக் டிரம் கழன்ற கதை. எங்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, அந்தக் கதை இல்லாமல் பந்தி முடிந்ததில்லை. கடைசியாக மாமா சம்மட்டியை ஓங்கி ஒரு போடு போட்டாராம். தெருவே அதிர்ந்ததாம். டிரம் தெறித்து விழுந்ததாம். நான் அங்கே இருந்தவன். தெரு அதிரவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே தங்கி, ஒரு பழைய கறுப்புக் காரை வாடகைக்கு ஓட்டினார். நெசவுத் தெருவில் கார் நின்ற வாசல் எங்களுடையது ஒன்றுதான். அக்கா முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் பார்க்க முடியாது, வலி கண்டதும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தார். கார் இருக்கிற தைரியத்தில்தான் வீடு இருந்தது.

அந்தக் காரின் பின்சக்கரம் ஒன்று, திருப்புட்குழிக்குச் சவாரி போய்த் திரும்பும்போது சூடேறிப் புகைந்தது. பிரேக் உள்ளே உரசுகிறது, காலையில் கழற்றினால் ஒரு மணி நேர வேலை என்றார் மாமா. அக்காவுக்குச் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

விடிந்ததும் முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே, கவிழ்த்து வைத்த இரும்புச் சட்டி மாதிரி ஒன்று இருந்தது. அதுதான் டிரம். கையால் சுற்றிப் பார்த்தார். முனகிக்கொண்டே சுற்றியது. ஆனால் இழுத்தால் வரவில்லை. துரு பிடித்திருக்கிறது, மண்ணெண்ணெய் விட்டால் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார்.

அதே காலையில் எதிர்வீட்டுப் பெரியப்பாவின் பாவு தெருவில் போட்டிருந்தது. பட்டுப் புடவையின் நீள இழைகளைத் தெரு நெடுகிலும் விரித்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து, காயும்வரை விறைப்பாக நிறுத்த வேண்டும். யார் வீட்டுப் பாவானாலும் வீட்டுக்கு ஓர் ஆள் கைகொடுப்பது எங்கள் வழக்கம். கொடுத்த கையை நடுவில் எடுக்கக் கூடாது. ஒரு முனை தளர்ந்தால் போதும், ஈர இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாவே பாழாகிவிடும். அன்று முனைக் கம்பைக் கட்டும் முளை மழை ஈரத்தில் ஆடியதால், அப்பாவே கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் தெரு கிழக்கே சரியும். மேட்டில் கார், பள்ளத்தில் பட்டு.

அப்பாவுக்குத் தறியில் எல்லாம் தெரியும், காரில் ஒன்றும் தெரியாது. மூன்று சக்கரத்தில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அது உருண்டு வந்துச்சின்னா இன்னாடா ஆவறது? உள்ள ஒரு கம்பி இருக்குதே, நிறுத்தறப்ப உங்க மாமன் இழுப்பானே, அத்த நல்லா இழுத்து வுட்டுட்டு வா."

நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் இழுத்தேன். கரகரவென்று மேலே வந்து நின்றது. அப்பா தலையை அசைத்தார். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது.

மாமா திரும்பி வந்து மண்ணெண்ணெய் ஊற்றினார். ஊறவிட்டார். சம்மட்டியால் சுற்றிலும் தட்டினார். கடப்பாறை கொடுத்து நெம்பினார். டிரம் அசையவில்லை.

"காலையில கொஞ்சமாவது சுத்துச்சு. இப்ப இன்னாடான்னா எருமையாட்டம் படுத்துக்கினு கெடக்குது."

"பதமா தட்டுபா, அது இன்னா பொண்டாட்டியா, அடிச்சா கேக்கறதுக்கு?" என்றார் பாவில் நின்ற ஒருவர். தெரு சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. பின்னாலேயே அம்மா வாசலுக்கு ஓடிவந்தாள்.

"டேய், வலி எடுத்துடுச்சுடா! சக்கரத்த மாட்டு!"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. டிரம் சுற்றாமல் சக்கரம் மாட்டி என்ன பயன்? மாமா அடித்தார். ணங், ணங் என்று ஒவ்வோர் அடியும் என் பல்லில் விழுந்தது. அவர் விரல் நசுங்கி ரத்தம் வந்தது. மருத்துவச்சி வந்து அக்காவைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்று கேட்டார்.

"வண்டி போவுமா போவாதா? ஒரு வார்த்த சொல்லுபா. குதிரவண்டியில குலுக்கிக்கினு போனா ரெண்டு உசுரும் தாங்காது."

மாமா ஒரு கம்பில் துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்தார். டிரம்மைச் சூடு காட்டினால் விரிந்து கொடுக்கும் என்றார்.

"பட்டுல கரி வுழும்பா!" என்று பெரியப்பா கத்தினார். "பெட்ரோல் டாங்கியும் அங்கதான இருக்குது?"

"எனக்குத் தெரியாதா? வேற வழி இருந்தா சொல்லுங்க."

உள்ளே அக்கா மறுபடி கத்தினாள். பெரியப்பா தன் பாவை ஒருமுறை பார்த்தார்.

"கொளுத்துபா," என்றார்.

அப்பா கம்பை விடவில்லை. பெற்ற பெண் உள்ளே கத்துகிறாள், இவர் யார் வீட்டுப் பட்டையோ பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமா தீப்பெட்டியை எடுத்தவர், டிரம்மைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"உள்ளேர்ந்து எவனோ கையால புடிச்சுக்கினு இருக்கறாப்ல இருக்குது."

என்னை மடியில் உட்காரவைத்து மாமா ஒருநாள் சொன்னதுதான் அது. இந்தக் கம்பியை இழுத்தால் பின்சக்கரம் இரண்டையும் உள்ளேயிருந்து ஒரு கை பிடித்துக்கொள்ளும். அந்தக் கையைப் போட்டவன் நான்.

சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. ஆனால் நான் வகுப்பில் ஆஜர் சொல்லவே குரல் எழும்பாத பிள்ளை. யார் இழுக்கச் சொன்னது என்று மாமா கேட்பார். தெரு முழுக்க அப்பாவைத் திரும்பிப் பார்க்கும். அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

மறுபக்கக் கதவைத் திறந்து காருக்குள் ஊர்ந்தேன். கம்பியின் தலையில் இருந்த பொத்தானை ஒரு கட்டை விரலால் அழுத்த முடியவில்லை. இரண்டு கட்டை விரலையும் வைத்து, உடம்பை மேலே போட்டு அமுக்கினேன். டக்கென்று அது கீழே விழுந்தது. கார் லேசாக அசைந்தது. கல் தாங்கிக்கொண்டது.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. மாமா ஜன்னலுக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார். தீக்குச்சி உரசும் சத்தம் வரவில்லை. பிறகு ஓர் அடி கேட்டது. டிரம் கழன்று மண்ணில் விழுந்தது.

"வந்துடுச்சுபா! போட்டேன் பாரு ஒரே போடு!" என்று மாமா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

உள்ளே உடைந்த ஸ்பிரிங் ஒன்று சிக்கியிருந்தது. அதை எறிந்துவிட்டு, பிரேக் உரசாதபடி ஒரு துண்டுக் கம்பியால் இழுத்துக் கட்டி, டிரம்மையும் சக்கரத்தையும் மாட்டினார். மேற்கே தெரு கோயில் மதிலில் முட்டி நிற்கும். போனால் கிழக்கேதான் போக வேண்டும். அங்கே பாவு. பெரியப்பா குரல் கொடுத்ததும் ஆண்கள் எல்லாரும் ஈரப் பட்டைச் சுவரோரமாக ஒதுக்கித் தலைக்கு மேல் தூக்கினார்கள். அப்பா முனைக் கம்பை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். அக்கா படுத்திருந்த கார் மெதுவாகப் பட்டின் ஓரமாக நகர்ந்துபோனது. ஓர் இழையும் அறவில்லை. கார் திரும்பி மறைந்த பிறகும் அப்பாவின் கைகள் இறங்கவில்லை. பெரியப்பா வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பிலிருந்து எடுத்துவிட்டார்.

செங்கல்பட்டில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். அந்தப் பெண்ணின் கல்யாணத்திலும் மாமா கதையைச் சொன்னார். அப்பா எழுந்துபோனார்.

கடைசி அடிக்கு வரும்போது மாமா ஒவ்வொரு முறையும் என்னைப் பார்ப்பார். பொய் சொல்கிறாரே என்று அவருக்காக நான் வெட்கப்பட்டு இலையைப் பார்த்துக்கொள்வேன். அதற்கு முன்னால் அடித்ததெல்லாம் ணங், ணங் என்று தெருவை எழுப்பிய அடிகள். அந்த ஒன்று மட்டும், தூங்குகிற வீட்டின் கதவை விரல் முட்டியால் தட்டுவது மாதிரி இருந்தது. எல்லா அடியிலும் மெல்லிய அடியை எதற்காக இந்த மனிதர் இத்தனை பெரியதாக்கிச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.