சேனைக்கிழங்கு பார்ப்பதுபோல் வாங்கிய பேட்

பீச் டென்னிஸ் பழக ஆசைப்பட்டு கடைக்குப் போனவன், வடசேரி சந்தையில் சேனைக்கிழங்கு வாங்குவதுபோல் ஒவ்வொரு பேட்டையும் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதை வாங்கி வந்தேன். கனம் கூடினால் அடியும் பலமாக விழும் என்று நினைப்பு.

“இது பந்தடிக்கவா, தேங்கா ஒடைக்கவா?” என்றாள் மனைவி.

சங்குத்துறை கடற்கரையில் அவளோடு ஜோடி சேர்ந்து, மச்சானையும் அவன் மனைவியையும் எதிர்த்து ஆடினேன். கொஞ்ச நேரத்திலேயே கை சோர்ந்தது. ஓங்கி அடித்தபோது பேட் நழுவி, முன்னால் நின்ற மனைவியின் தலையை நோக்கிப் பறந்தது.

“ஏட்டி, குனி!”

சட்டென்று குனிந்து தப்பியவள், நிமிர்ந்து சிரித்தாள். “இன்னைக்கு நீங்க அடிச்சதுல வலையத் தாண்டினது இது ஒண்ணுதான்!”

நான் பயந்துபோய் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவளோ தன் இலேசான பேட்டோடு தனியாளாக ஆடி ஜெயித்தாள். என்ன நெஞ்சுரம்!

இப்போது அவள் பேட்டை இரவல் வாங்கித்தான், அதன் கைப்பிடி வாரை மணிக்கட்டில் மாட்டிப் பழகுகிறேன். அடுத்த பேட்டையும் ஆடிப் பார்த்தே வாங்குவேன். கனம் பார்ப்பது சேனைக்கிழங்குக்கு மட்டும்தான். ஆட்டத்தில் முன்னால் நிற்பதும் இனி நான்தான்; பேட் நழுவினாலும் அவள் தலை தப்புமே!